உறுதியும் உரித்தும்



யாழ்ப்பாணத்திலே காணிப் பத்திரத்துக்கு வழங்கும் பெயர் உறுதி என்பது. விலைக்கு எழுதினால் அறுதி உறுதி; அன்பினால் எழுதினால் நன்கொடை உறுதி; பெண்ணுக்குக் கொடுத்தால் சீதன உறுதி; கடனுக்குப் பொறுப்பாக எழுதினால் ஈட்டு உறுதி. உறுதி என்னும் சொல்லுக்கு நிலைபேறு என்றும், ஐயமின்மை என்றும் பொருள் கொள்ளலாம். ஆயினும், உறுதியொன்றைக் கையிற் பெற்றவுடனே ஐயம் நீங்கிவிடுமா என்று கேட்டால், நீங்காது என்பதே நான் என் சொந்த அனுபவத்தாற் கண்ட விடையாகும்.

2013 ஆம் ஆண்டில், வாடகை வீட்டிலே இருந்து சலித்துப்போய், வலிகாமப் பகுதியிற் காணியோடு கூடிய ஒரு வீட்டை வாங்க முற்பட்டேன். நான்கு பரப்புக் காணி, பழைய கல்வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு. விற்க வந்தவர் ஓர் உறுதியைக் கொணர்ந்து காட்டினார். அவருடைய தாயார் 1989 ஆம் ஆண்டில் முழுக் காணியையும் அவருக்கு நன்கொடையாக எழுதிய உறுதி அது. நொத்தாரிசின் கையொப்பம் இருந்தது, முத்திரை இருந்தது, காணிப் பதிவகத்திற் பதிந்த குறிப்பும் இருந்தது. விலையும் பேசி, முற்பணம் கொடுப்பதற்கு நாளும் குறித்தாயிற்று.

நான் முப்பது ஆண்டுக்கு அணித்தாக மாணவருக்கு வரலாறு படிப்பித்தவன். அரசன் ஒருவன் தன் மெய்க்கீர்த்தியிலே தான் வென்றதாகச் சொல்லும் நாடுகளையெல்லாம் உண்மையாகவே வென்றானா என்று வேறு சான்று கொண்டு நோக்குதல் வேண்டும் என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு காணி உறுதியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதனை நினைவூட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் விற்பனைக்கு வந்த காணியின் அயல்வீட்டுக்காரர். அவர் சொன்னதென்ன என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அது விளங்க வேண்டுமானால், நம் நாட்டிலே காணி கைமாறிய முறையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், தேசாதிபதி சீமன்சு என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். 1707 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அத்தொகுப்பு நிறைவெய்தியது. யான் பீரூஸ் என்பவர் அதனைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு, நம் வழக்கத்துக்கு ஒத்தது என்று உடன்பட்டனர். அதுவே தேசவழமை. பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதனைச் சட்டமாக ஏற்றனர்.

அந்நூலிலே காணி விற்பனை பற்றிச் சொல்லப்படும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியப்பே மேலிடுகிறது. ஒருவர் தம் காணியை அந்நியருக்கு விற்க எண்ணினால், முதலில் தம் உரிமைக்காரருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது பண்டைய வழக்கு. வாங்குவதற்கு முதலுரிமை அவர்களுக்கே. அறிவித்தபின் எவ்வளவு காலம் காத்திருத்தல் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அவர்கள் அவ்வூரில் இருப்பவராயின் ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேற்றூரில் இருப்பவராயின் இரண்டு மாதம். வேறு மாகாணத்தில் இருப்பவராயின் ஆறு மாதம். பிறநாட்டில் இருப்பவராயின் ஓராண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கடல் கடந்து சென்ற ஒருவனுடைய பங்குக்காக ஊரிலுள்ளோர் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பரந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விதி எத்துணைப் பொருத்தமானது என்பதை நேயர்களே எண்ணிப் பார்ப்பீர்கள்.

ஒல்லாந்தர் காலத்திலேயே அம்முறை மாறத் தொடங்கிவிட்டது. விற்கும் எண்ணத்தை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலிலே பகிரங்கப்படுத்திய பின்னரே காணி விற்கலாம் என்று கட்டளை பிறந்தது. கோவில் என்று இங்கே சொன்னது அவர்களுடைய கிறித்துவ ஆலயத்தை. சைவராக இருந்த ஊரவரும் தம் காணி விற்பனைக்கு அந்த வாயிலையே நாட வேண்டியிருந்தது. இன்றும் சில உறுதிகளிற் கோவிற்பற்று என்று ஊர்ப்பிரிவைக் குறிப்பது அக்காலத்து மிச்சமேயாகும். இன்னொன்றையும் மறைக்காது சொல்லுதல் வேண்டும். அதே நூலில் நிலத்தை விற்பதும் தோட்டத்தை விற்பதும் அடிமைகளை விற்பதும் ஒருங்கே பேசப்படுகின்றன. தேசவழமையின் நன்மையைப் பாராட்டுவோர் அந்தப் பக்கங்களையும் திருப்பிப் படித்தல் முறை.

இவ்வழக்கங்களின் அடிப்படைக் கருத்து யாது? காணி விற்பனை என்பது இருவருக்கிடையே மறைவில் நிகழ்வதன்று. உரித்துடையோர் அறிய நிகழ்வது. அன்று உரித்துக்குச் சான்று ஊரவருடைய நினைவு.

தோம்பு என்னும் சொல்லை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அது போர்த்துக்கேயச் சொல். 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்தோறும் காணிகளையும் அவற்றால் வரும் இறையையும் ஏட்டிற் பதிந்தனர். 1645 ஆம் ஆண்டில் இந்நாட்டு நிருவாகம் இருந்த நிலையைப் போர்த்துக்கேயரின் ஆவணங்களிலிருந்து எடுத்து, பி. ஈ. பீரிஸ் 1920 இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1658 இல் வந்த ஒல்லாந்தரும் தோம்புகளை எழுதினர். ஆயினும் அவ்வேடுகள் யாருக்காக எழுதப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும். அரசிறை தண்டுவதற்காகவே எழுதப்பட்டன. இறை கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். உரித்துடையவர் எல்லாருடைய பெயரும் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இக்காலத்திலும் பிரதேச சபைக்கு ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டை நீட்டி, காணி தம்முடையது என்று சாதிப்போர் உளர். வரிச்சீட்டு வரி கட்டியதற்கே சான்று.

ஆங்கிலேயர் வந்தபின் நிலைமை வேறாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் காணிக்காரர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மோசடித் தடைச் சட்டம் என்பது அதன் பெயர். காணி விற்பனையோ, நன்கொடையோ, ஈடோ எதுவாயினும், எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகளுக்குக் குறையாதோர் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்று அது விதித்தது. வாய்ப்பேச்சாற் காணி கொடுத்த காலம் அதனோடு முடிந்தது. பின்னர் 1863 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் உறுதிகளைப் பதிவதற்கு வழி வகுத்தது. இக்காலத்தில் நடைமுறையிலுள்ள பதிவுச் சட்டம் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டமாகும்.

இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். பதிவகத்திற் பதியப்படுவது உறுதி, உரித்து அன்று. ஒருவர் தமக்கு இல்லாத காணியை எனக்கு எழுதித் தந்தால், அந்த உறுதியும் முறைப்படி பதியப்படலாம். பதிந்துவிட்டமையால் இல்லாத உரித்து உண்டாகிவிடாது. அவ்வுறுதியின் குறையைப் பதிவு நீக்காது என்பதைச் சட்டமே சொல்லுகிறது. அப்படியானால் பதிவினாற் பயன் யாது? முந்துரிமையே பயன். ஒருவர் தம் காணியை முதலில் ஒருவருக்கு விற்று, பின்னர் அதனையே மற்றொருவருக்கும் விற்றாரென வைத்துக்கொள்வோம். பிந்தி வாங்கியவர் வஞ்சகமின்றி விலை கொடுத்து வாங்கி, தம் உறுதியை முந்திப் பதிந்துகொண்டால், காணி பிந்தியவருக்கே போய்ச் சேரும். ஆதலின் உறுதி எழுதியபின் பதிவைத் தாமதித்தல் பெருந்தவறு.

பதிவேட்டுக்கு இன்னுமொரு குறை உண்டு. அது எழுதப்பட்ட பத்திரங்களை மாத்திரமே அறியும். மரணத்தை அறியாது. தந்தை இறந்தார், பிள்ளைகள் ஐவர் என்னும் செய்தி அங்கே தானாகப் போய்ப் பதியாது. உரித்து என்பதோ மரணம் நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே பிள்ளைகளுக்கு இறங்கிவிடுகிறது. பதிவேட்டிலே இரு பதிவுகளுக்கு இடையே ஒரு தலைமுறை வெறுமையாக இருக்குமாயின், அங்கே ஒரு சாவீடு இருந்திருக்கும் என்று எண்ணுதல் வேண்டும்.

இனி, அந்தத் தமிழாசிரியர் என்ன சொன்னார் என்பதற்கு வருகிறேன். அவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தமது காணியின் உறுதியை எடுத்துக் காட்டினார். 1986 ஆம் ஆண்டில் எழுதியது. நம் உறுதிகளின் அட்டவணையிலே நான்கு எல்லைகளும் சொல்லப்படுவது வழக்கம். கிழக்கு எல்லை ஒழுங்கை, வடக்கு எல்லை இன்னாருடைய காணி என்று வரும். அவருடைய உறுதியில் மேற்கு எல்லையாக, நான் வாங்கவிருந்த காணி சொல்லப்பட்டிருந்தது. அதிலே விற்பவரின் தாயார் பெயர் இல்லை. இறந்துபோன தந்தையாரின் பெயரைச் சொல்லி, அன்னாரின் உரிமைக்காரர்கள் என்று எழுதியிருந்தது. ஆசிரியர் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, “மாஸ்டர், உரிமைக்காரர்கள் என்பது பன்மை அல்லவா? இந்தப் பன்மை பிறகு ஒருமையானது எப்படி?” என்று வினவினார். இலக்கண ஆசிரியருக்கு ஏற்ற கேள்வி! எனக்குத் தலை குனிந்தது.

மறுநாளே காணிப் பதிவகத்துக்குச் சென்று, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைப் பெற்றேன். அதில் இரண்டே பதிவுகள் இருந்தன. ஒன்று, 1962 இல் தந்தையார் விலைக்கு வாங்கிய அறுதி உறுதி. மற்றையது, 1989 இல் தாயார் மகனுக்கு எழுதிய நன்கொடை உறுதி. தந்தை பெயரில் இருந்த காணியைத் தாய் எவ்வாறு முழுமையாகக் கொடுத்தார்? நன்கொடை உறுதியிலே அதற்குச் சொல்லிய காரணம், கணவனுடைய உரிமையாலும் நீண்டகால ஆட்சியாலும் என்பதுதான். அதன் அடியில் ஒரு சிறு குறிப்பும் இருந்தது. பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்று கட்சிக்காரர் கேட்டுக்கொண்டமையால் நொத்தாரிசு தேடவில்லை என்பதே அது. நொத்தாரிசு பதிவேட்டைத் தேடுதல் கடமை. கட்சிக்காரர் வேண்டாமென்றால் அதனை உறுதியிலே குறித்துக் கையொப்பம் வாங்குதல் வேண்டும். அந்த ஒரு வரியை நான் முதல்நாள் படிக்கவேயில்லை. நேயர்களே, உறுதியின் முதற் பக்கத்தை எல்லாரும் படிப்பர். கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். தேசவழமைக்கு உட்பட்டோரின் சொத்து முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகைப்படும். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமும், அதனைத் திருத்திய 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் பழைய விதிகளைப் பெரிதும் மாற்றின. விவாகத்தின் பின் விலைக்குத் தேடிய சொத்துத் தேடிய தேட்டம். தந்தையார் 1955 இல் விவாகஞ் செய்தவர். காணி வாங்கியது 1962 இல். ஆகவே இது தேடிய தேட்டம். அவர் மரணசாதனம் எழுதாமல் 1984 இல் இறந்தார். சட்டப்படி அவருடைய தேடிய தேட்டத்தில் அரைப்பங்கு மனைவிக்கும், அரைப்பங்கு பிள்ளைகளுக்கும் இறங்கும். பிள்ளைகள் மூவர்: ஒரு மகன், இரு பெண்கள். ஆகவே பிள்ளைக்கு ஆறில் ஒரு பங்கு. தாயார் முழுக்காணி என்று எழுதினாலும், தம்மிடம் இருந்த அரைப்பங்கைத்தான் மகனுக்குக் கொடுக்க முடியும். அந்த அரையோடு மகனுடைய சொந்த ஆறிலொன்றையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வரும். உறுதி நான்கு பரப்பைச் சொன்னது. உரித்தோ நான்கு பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கே இருந்தது. மிகுதி மூன்றில் ஒரு பங்கு இரு பெண்களுக்கு உரியது. மூத்தவர் கனடாவில் இருந்தார். இளையவர் 2000 ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகள் வவுனியாவிலே தந்தையோடு இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

தாயாரோ மகனோ ஏமாற்ற நினைத்தனர் என்று நான் சொல்லமாட்டேன். பெண்களுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, வீடு மகனுக்கு என்பது அந்தத் தாயாரின் மனத்திலிருந்த நியாயம். பழைய தேசவழமையிலும் சீதனம் பெற்ற பெண்ணுக்குத் தந்தையின் முதுசத்திற் பங்கில்லை. மனத்திலே பழைய சட்டம் இருந்தது. நாட்டிலே புதிய சட்டம் இருந்தது. நம் ஊர்களில் எழும் காணி வழக்குகள் பலவற்றுக்கும் வேர் இதுவே என்பது என் எண்ணம்.

விற்பவர் என் கணக்கைக் கேட்டுச் சினந்தார். “இருபத்துநாலு வருஷமாக நான்தானே இந்தக் காணியை ஆண்டு வருகிறேன், பத்து வருஷம் ஆண்டால் போதாதா?” என்றார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒருவர் பத்தாண்டு தடையின்றி, பிறர் உரித்தை மறுத்து ஒரு காணியை ஆண்டு வந்தால், ஆட்சியால் உரித்துப் பெறலாம் என்பது மெய்யே. ஆனால் பங்காளருக்குள் அவ்விதி எளிதிற் செல்லாது. கொறயா எதிர் இசேரிஸ் அப்புகாமி என்னும் வழக்கிலே, ஒரு பங்காளனுடைய ஆட்சி ஏனைய பங்காளருடைய ஆட்சியுமாகும் என்று 1911 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் தீர்த்தது. அவர்களுடைய உரித்தை மறுத்து அவர்களை வெளியேற்றியதற்குச் சமமான ஒரு செயல் இருந்தாலன்றி, காலம் எண்ணத் தொடங்காது. தமக்கை கனடாவுக்குப் போனதும், தங்கை இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனதும் உரித்தைக் கைவிட்டதாகா.

இந்த இடத்திலே யுத்தத்தைப் பற்றிச் சில சொல்லாமல் அப்பாற் செல்ல முடியவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவிலே நாவற்குழிப் பாலத்தின் வழியாகப் புறப்பட்டபோது, நகையோடு கூட உறுதிகளையும் பொலித்தீன் பைகளிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டு போனவர்களை நான் கண்டேன். பல இடப்பெயர்வுகளில் அப்பைகளும் போயின. உறுதி போனால் காணி போயிற்று என்று கலங்கியோர் பலர். அது அவ்வாறன்று. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் மூலம் ஒன்று, இரட்டைப் பிரதி ஒன்று, நொத்தாரிசின் கையிலுள்ள மூலப்படி ஒன்று என மூன்று உண்டு. மூலம் காணிக்காரரிடம் இருக்கும். இரட்டைப் பிரதியை அடுத்த மாதம் பதினைந்தாந் தேதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஒன்று அழிந்தாலும் மற்றையதிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். எழுத்தைச் சட்டமாக்கிய ஆங்கிலேயர் முறையில் நான் நன்றி பாராட்டும் இடம் இதுவே.

யுத்தகாலத்திற் பிறர் குடியேறி ஆண்ட காணிகளின் சிக்கலுக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர்ச்சூழலால் தம் உரித்தை நாட முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தை எண்ணலாகாது என்பது அதன் நோக்கம். வழக்குத் தொடுப்பதற்கு அது கொடுத்த தவணையோ குறுகியது. செய்தி அறியாமலே அதனைத் தவறவிட்டோரை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

காணியை நேரிற் சென்று பார்ப்பவர் உறுதியையும் கையிற் கொண்டு செல்லுதல் நன்று. நம் காணிகளுக்குப் பெயர் உண்டு. பெயரே நிலத்தின் தன்மையைச் சொல்லும். கலட்டி என்று முடிந்தால் கல்நிலம். பள்ளம் என்று வந்தால் மாரிக்கு நீர் நிற்கும். வயல் என்று வந்தால் வீடு கட்டுமுன் இருமுறை எண்ணுதல் வேண்டும். அளவிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. வரகு விதைக்கும் மேட்டுநிலத்தின் பரப்பு, அதாவது லாச்சம், பதினெட்டுக் குழி. அதிற் பதினாறு சேர்ந்தால் ஓர் ஏக்கர். நெல் விதைக்கும் நிலத்தின் பரப்போ பன்னிரண்டு குழி, ஏக்கருக்கு இருபத்துநான்கு. முன்னையது பத்துப் பேர்ச்சசு. பின்னையது ஏழுக்கும் குறைவு. வயலை மேடாக்கி வீட்டுக்காணி என்று விற்பவர் பரப்பென்று சொன்னால், எந்தப் பரப்பு என்று கேளுங்கள். நான் வாங்கவிருந்த காணியிலும் கிணறு முழுவதும் காணிக்காரருடையதன்று. அதில் அரைப்பங்கு வடக்கு அயலாருக்கு, அவருடைய வழிவாய்க்கால் உரிமையோடு எழுதப்பட்டிருந்தது. விற்பவர் அதனை என்னிடம் சொல்லவில்லை. அட்டவணையின் கடைசிச் சொற்றொடர் சொல்லிற்று.

வன்னியிலே காணி தேடுவோருக்கு ஒரு வார்த்தை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரம் உறுதியன்று. அதனை வைத்து வெள்ளைத்தாளில் எழுதி விற்பதும் வாங்குவதும் செல்லாது. இவ்வாறு பணத்தை இழந்த ஆசிரியர்கள் சிலரை நான் அறிவேன்.

உரித்தையே பதிவு செய்தால் இத்தனை தொல்லையும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். 1858 இல் தென் அவுஸ்திரேலியாவிலே தொறன்ஸ் என்பவரின் முயற்சியால் அத்தகைய முறை தோன்றியது. நம் நாட்டிலும் 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தினால் அதற்கு வழி திறக்கப்பட்டது. பிம்சவிய என்னும் பெயராற் சில பகுதிகளில் வேலையும் நடந்தது. ஆயினும் ஆயிரத்திலொரு பங்கு, முப்பத்தாறிலொரு பங்கு என்று பிரிந்து கிடக்கும் காணிகளை ஒரு சான்றிதழில் அடக்குவது எளிதன்று. அது கைகூடும் வரை, வாங்குபவர் தாமே வரலாற்றாசிரியராதல் வேண்டும்.

என் காணிக்குத் திரும்புகிறேன். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் பழைய முதலுரிமையைக் குறுக்கிப் பங்காளருக்கும் உரிமைக்காரருக்கும் மாத்திரம் நிறுத்தியது. அவ்வகையில் இரு பெண்களின் வழியினருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டியிருந்தது. கனடாவிலிருந்த தமக்கையாரோடு நானே தொலைபேசியிற் பேசினேன். தாயார் உறுதி எழுதிய செய்தியே அவருக்குத் தெரியாது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “தம்பி நல்லாயிருக்கட்டும், ஆனால் தங்கச்சியின்ர பிள்ளைக்கு உரியது குறையக்கூடாது” என்றார். தமது ஆறிலொன்றை விற்பதற்கு அற்றோணித் தத்துவம் அனுப்பினார். அதன் பதிவைச் சரிபார்த்தே ஏற்றோம்.

வவுனியாவிலிருந்த பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. வயது வராதவருடைய காணியை விற்பதற்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். என் நொத்தாரிசு அதற்கு மனுச் செய்யலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயது நிரம்பித் தானே முடிவு செய்யட்டும் என்று எண்ணி, விற்பவருக்குச் சிறு முற்பணம் கொடுத்து எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டு காத்திருந்தோம். வாடகை வீட்டிலே இன்னும் இரண்டு ஆண்டு. என் மனைவியார் இதனை மகிழ்ச்சியோடு ஏற்றார் என்று சொன்னால் அது பொய்யாகும்.

2015 இல் எல்லாரும் ஒரு நொத்தாரிசின் கந்தோரிற் கூடினோம். அந்தப் பெண் தன் தந்தையோடு பஸ்ஸிலே வந்திருந்தார். மாமனாரை அவர் பார்ப்பது அது இரண்டாம் முறையாம். நொத்தாரிசு உறுதியை உரக்க வாசித்து விளக்கினார். காணியின் பெயரையும், நான்கு எல்லைகளையும், தாய்வழியாகத் தனக்கு இறங்கிய ஆறிலொரு பங்கையும் அவர் முதன்முறையாகக் கேட்டார். கையொப்பமிடுமுன் என்னை நோக்கி, “கிணறு எந்தப் பக்கம் சேர்?” என்று வினவினார். வடக்கு வேலியோரம் என்றேன்.

கையொப்பங்கள் முடிந்தபின் அவரையும் தந்தையையும் அழைத்துக்கொண்டு காணிக்குச் சென்றேன். மாமனார் முன்னே போய்ப் படலையைத் திறந்துவிட்டார். அவர் கிணற்றடியிலே சிறிது நேரம் நின்றார். வாளியால் ஒரு முறை தண்ணீர் அள்ளி முகங் கழுவினார். அதன்பின் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தந்தை நினைவூட்ட, இருவரும் வவுனியாவுக்குப் புறப்பட்டனர்.